ஒன்பது கஜம் நெய்த புரோகிராம்

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் திருத்தணி மலையில் படி ஏறும்போது கழற்றுகிறேன், அது முருகனுக்கு. பட்டணத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஒரு இயந்திரத்துக்காகக் கழற்றினேன். உள்ளே பல்லு கிட்டிப்போகிற குளிர். ஈரச்சாக்கு நாற்றம். நாலு பீரோவை ஒட்டி வைத்த மாதிரி அந்தக் கம்ப்யூட்டர் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்றவர்களின் முகத்தில் கருவறைக்குள் நிற்கிறவர்களுக்குக்கூட இல்லாத இறுமாப்பு.

ஆராய்ச்சிக்கு எந்தப் புரோகிராம் நல்லது, எதில் போட்டால் கணக்கு சரியாக வரும் என்று இப்போது யாராவது பேசத் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கூத்தை என் கண்ணால் பார்த்தவன் நான். என் கையாலும் செய்தவன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. அம்மையார்குப்பத்தில் கூலித்தறியில் உட்கார்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இருபத்தைந்தில் புடவைக் கரைக்கு அட்டை குத்தக் கற்றுக்கொண்டேன். தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து ஏற்றினால், துளை உள்ள இடத்தில் இழை எழும், இல்லாத இடத்தில் கீழே நிற்கும். கரையில் மயில் வருவதும் மாங்காய் வருவதும் அந்தத் துளையால்தான். ஒரு துளை தப்பினால் மயிலுக்குக் கழுத்து போய்விடும். நான் குத்திய அட்டையில் கழுத்து போன மயில் ஒன்றைக் காட்டுங்கள், என் மீசையை எடுத்துவிடுகிறேன். நாற்பது வயதில் திருத்தணியில் சொந்த வீடு, நாலு தறி, அட்டை குத்த ஒரு கொட்டகை. யாரும் தூக்கிவிடவில்லை. நானே எழுந்தேன்.

என் மனைவியின் தம்பி கல்லூரியில் வாத்தியார். தற்காலிக வேலை. டாக்டர் பட்டம் வாங்கினால்தான் நிரந்தரம். அடுத்த ஜூனுக்குள் வாங்காவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு குழந்தைகள், மூன்றாவது வயிற்றில். என் மனைவி கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறி வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவன் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி எங்கள் நெசவாளிகளைப் பற்றியது. கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தத் தறியில் நெய்கிறவன் அதிகமாக நெய்கிறானா, முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவன் அதிகமாக நெய்கிறானா? இதுதான் கேள்வி. அவனுக்கு வழிகாட்டியாகப் பட்டணத்தில் ஒரு பேராசிரியர். கைடு என்று சொல்வார்கள். அவர் ஒரு கேள்வித்தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தார். அதில் ஒரு கேள்வி: இன்று எத்தனை கஜம் நெய்தீர்கள்?

சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு எந்த நாள் சாயங்காலமும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கூலி நெசவாளியை அப்படிப் பார்க்க முடியாது. தறியை நிறுத்திப் பேசினால் முதலாளி கேட்பார். அதனால் அவர்களிடம் இவன் அமாவாசையில் போனான். அமாவாசைக்கு எங்களில் யாரும் தறியில் உட்கார மாட்டோம். குளித்து, படைத்து, சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பேச ஆள் கிடைத்தால் சந்தோஷம். இவன் போய், இன்று எத்தனை கஜம் என்று கேட்பான். அவர்கள் சிரிப்பார்கள்.

"இன்னா சார், அமாவாசை அன்னிக்கி வந்து தறி கணக்கு கேக்குற? வட துன்னுறியா, கேளு, குடுக்குறேன்."

இவன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவான். கூலி நெசவாளிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். "நேற்று" என்று மாற்றிக் கேட்கக் கூடாதா என்றேன். கைடு அச்சடித்ததை மாற்றக் கூடாதாம்.

இந்தத் தாள்களையெல்லாம் பட்டணத்தில் கொடுத்து, ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை என்று துளை போட்டு வாங்கினான். ஆமாம், அட்டை! அந்த இயந்திரமும் துளை போட்ட அட்டையைத்தான் தின்னும் என்று தெரிந்ததும் எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. இதற்கா இத்தனை படிப்பு? ஒவ்வொரு அட்டையிலும் ஒரு இடம் கஜத்துக்கு. நாலு கஜம் என்றால் நாலாம் வரிசையில் ஒரு துளை. ஐந்து என்றால் ஐந்தாவதில்.

அடுத்தது எந்தப் புரோகிராமில் போடுவது என்ற பேச்சு. இரண்டு இடம் இருந்தது. ஒன்று, கைடின் சிநேகிதர் சொந்தமாக எழுதிய புரோகிராம். கைடு வேலை பார்த்த இடத்திலேயே ஓடியது. இன்னொன்று, வேறொரு நிலையத்தில் இருந்த பெரிய பேக்கேஜ், வெளிநாட்டில் செய்தது. அதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். என் மைத்துனன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். எதில் போட்டால் கைடு சந்தோஷப்படுவார், எதில் போன வருஷம் நாலு பேர் பட்டம் வாங்கினார்கள், எது சீக்கிரம் முடியும். உன் கேள்விக்கு எது பொருந்தும் என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

"டேய், ஒரு கரைக்குப் பெட்டி வாங்கணும்னா, அந்தக் கரையில எத்தினி இழைன்னு மொதல்ல எண்ணுவேன். பக்கத்து வீட்டுக்காரன் இன்னா பெட்டி வெச்சிகினு இருக்கான்னா பாப்பேன்?"

"பாவா, இது தறி இல்ல. உங்களுக்குப் புரியாது."

புரியாதாம். எனக்கு. அட்டையில் பிழைத்தவனுக்கு.

கடைசியில் கைடின் சிநேகிதர் புரோகிராமே போதும் என்று முடிவு செய்தான். புரியாதவனாகவே அவனோடு ரயிலேறினேன். அட்டைப் பெட்டிகளைத் தூக்க ஆள் வேண்டுமே. மணவூர் ஸ்டேஷன் தாண்டிக் கூட்டம் குறையும் வரை பெட்டிகளை மடியில் வைத்திருந்தேன். கூட்டத்தில் ஒன்று சரிந்தால் வரிசை கலைந்துவிடும் என்று அவனுக்குப் பயம். அங்கே போய்த்தான் செருப்பைக் கழற்றியது.

இயந்திரத்தருகே இருந்தவர் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அட்டைகளை அவர் வாங்கும் முன் ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழக்கம். கஜத்துக்கான இடம் மொட்டையாக இருந்தது.

"சார், இந்த எடத்துல ஓட்டையே இல்ல. இதப் பாத்தா உங்க மெஷின் இன்னா பண்ணும்?"

"ஓட்டை இல்லன்னா ஒண்ணும் இல்ல பெரியவரே."

எனக்கு அப்போது நாற்பத்தைந்து. பெரியவராம்.

"எங்க அட்டையில ஓட்டை இல்லன்னா அதுவும் ஒரு உத்தரவுதாங்க. இழை கீழ நிக்கும். உங்களுதுல இன்னா உத்தரவு?"

அவர் என் மைத்துனனைப் பார்த்துச் சிரித்தார். இவனும் சேர்ந்து சிரித்தான். என் அக்குளில் அவனுடைய பெட்டி இன்னும் இருந்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஓரத்தில் துளை துளையாக இருந்த அகலத் தாளில் விடை வந்தது. சங்கத்துக்கு நெய்கிறவன் நாளுக்கு நாலு கஜத்துக்கு மேல். கூலிக்கு நெய்கிறவன் இரண்டுகூட இல்லை. கைடு அதற்குள் காரணமும் எழுதிக் கொடுத்திருந்தார். சொந்தம் என்ற எண்ணம் இல்லாததால் கூலி நெசவாளிக்கு ஊக்கம் குறைவு, சோம்பல் அதிகம். என் மைத்துனன் அதை வாசித்துத் தமிழில் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையை உதறிவிட்டு எழுந்தேன்.

"சோம்பேறியா? நானு பதிமூணு வருசம் கூலித்தறியில குந்திகினு இருந்தவன்டா. எங்க நைனா அந்தத் தறிக்குழியிலயே உசிர விட்டாரு. ரெண்டு கஜம் நெய்றவன முதலாளி எத்தினி நாளு வெச்சிகினு இருப்பான்?"

"மெஷின் சொல்லுது பாவா. நானா சொல்றேன்?"

"மெஷினுக்கு அமாவாசை தெரியுமாடா?"

நான் அட்டைகளைத் தரையில் பரப்பி எண்ணினேன். கஜத்துக்கு இடம் மொட்டையாக இருந்ததெல்லாம் அமாவாசை வீடு. துளை இல்லாத இடத்தை அந்தப் புரோகிராம் சைபர் என்று படித்திருக்கிறது. பதில் எழுதாததற்கும் நெய்யாததற்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. கழுத்துப்பட்டைக்காரர் ஒன்றும் இல்லை என்றாரே, அந்த ஒன்றும் இல்லை எங்கள் ஆட்கள் தலையில் விழுந்தது.

மறுவாரம் அவனை இழுத்துக்கொண்டு அந்த இன்னொரு நிலையத்துக்குப் போனேன். அங்கே அட்டை குத்தும் பகுதியில் ஒரு அம்மாள் இருந்தார். அந்தக் கட்டடங்களில் நான் பார்த்த ஒரே மனுஷி. நான் கேட்டதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"நல்ல கேள்விதாங்க. எங்க பேக்கேஜ்ல ஒரு வரி எழுதிக் குடுத்துடணும், இந்த நம்பர் வந்தா பதில் இல்லன்னு அர்த்தம்னு. அதை விட்டுட்டு மீதியத்தான் சராசரி எடுக்கும். ஆனா மொட்டையா விடாதீங்க. நெசத்துல வரவே வராத ஒரு நம்பரா பாத்துப் போட்டுக்கினு வாங்க."

"ஒம்போது. எந்த கில்லாடியும் ஒரு நாள்ல ஒம்போது கஜம் நெய்ய முடியாது."

"ஆங், அது போதும்."

மைத்துனனைத் திரும்பிப் பார்த்தேன். "இதான்டா உனக்கான புரோகிராம். உன் தாள்ல மொட்டை இருக்குது. மொட்டையப் புரிஞ்சிக்கிறது இதுதான்."

தலையாட்டினான். இதில்தான் போடுவேன் என்று ரயிலில் எனக்கு வாக்கும் கொடுத்தான்.

அந்த அம்மாள் கையால் அழுத்தும் சின்னத் துளைக்கருவி ஒன்றை இரவல் கொடுத்தார். மொட்டை அட்டைகளை என் கொட்டகையில் அடுக்கி வைத்து, மூன்று நாள், வேறு வேலை பார்க்காமல், ஒவ்வொன்றிலும் ஒன்பதாம் வரிசையில் ஒரு துளை போட்டேன். பட்டணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் போட்டது போலவே இருந்தது. இல்லை, அதைவிடச் சுத்தமாக. ஒரு துளையில் பிசிறு கிடையாது. திருப்பித் தரும்போது அந்த அம்மாளே, "உங்க கைக்கு இங்க வேல இருக்குதுங்க" என்றார்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு மைத்துனன் போனான். இந்தத் தடவை நான் கூடப் போகவில்லை. அது என் தப்பு.

திரும்பி வந்தவன் முகமெல்லாம் பல். அக்காவைக் கூப்பிட்டு இனிப்புப் பொட்டலத்தைக் கொடுத்தான்.

"பாவா, ரிசல்ட்டு பிரமாதமா வந்துட்டுது. கூலிக்காரங்கதான் ஜாஸ்தி. ஏழு கஜத்துக்கிட்ட. கைடு ரொம்ப சந்தோசப்பட்டாரு."

வாயில் போட்ட லட்டு அப்படியே நின்றது. ஏழு கஜமா? எந்த ஊரில்?

"எதுலடா போட்ட?"

அவன் அக்காவைப் பார்த்தான்.

"கேக்குறேன் இல்ல? எந்தப் புரோகிராம்ல போட்ட?"

"கைடுதுலதான். அவரு சிநேகிதன் எழுதினத உட்டுட்டு வேற எடம் போனா கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு. நான் இன்னா பண்ணட்டும் பாவா? ஜூனு வருது."

துப்பினேன். முற்றத்தில் லட்டு விழுந்தது. நான் போட்ட ஒன்பதெல்லாம் அந்த முட்டாள் புரோகிராமுக்குள் ஒன்பது கஜமாகப் போயிருக்கிறது. தறியே ஓடாத அமாவாசையில், குளித்துவிட்டு வடை தின்றுகொண்டிருந்தவனெல்லாம் ஒன்பது கஜம் நெய்துவிட்டான்.

"சரி, சோம்பேறின்னு எழுதினாரே உன் கைடு, அது இன்னா ஆச்சு?"

"அத மாத்திட்டாரு. முதலாளி மேற்பார்வை இருக்கறதால கூலிக்காரங்க உற்பத்தி அதிகம்னு எழுதச் சொன்னாரு."

எனக்கு அருவருப்பு தாங்கவில்லை. குறைவாக வந்தால் அதற்கொரு காரணம், அதிகமாக வந்தால் அதற்கொரு காரணம். இரண்டையும் ஒரே பேனாவில், ஒரே முகத்தோடு எழுதுகிற மனுஷனை ஊர் பேராசிரியர் என்கிறது. எங்கள் தெருவில் பாவு இழை எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னவனை ஒரு வருஷம் யாரும் வீட்டுக்குள் விட்டதில்லை.

"நாளைக்கே போறேன். உன் கைடுகிட்ட நான் பேசுறேன். எனக்கின்னா பயம்?"

என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். "நீங்க வாய மூடிக்கினு இருங்க. அவனுக்கு வேல போச்சின்னா மூணு பிள்ளைங்களுக்கு நீங்களா சோறு போடுவீங்க?"

"போடுவேன்டி. போட மாட்டேனா?"

"நீங்க போடுவீங்க. அவன் துன்ன மாட்டான்."

நான் போகவில்லை.

வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து அவனைக் கேள்வி கேட்க வேண்டும், அதில் தேறினால்தான் பட்டம். வந்தவர் ஆந்திராக்காரர். வயதானவர். திருப்பதியில் தரிசனம் முடித்து, மறுநாள் பட்டணத்தில் பரீட்சை என்பதால், வழியில் எங்கள் முருகனையும் பார்க்கலாம் என்று பஸ்ஸில் திருத்தணி வந்து இறங்கினார். மைத்துனன் அவரை மலைக்குக் கூட்டிப்போய்விட்டு, சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு அழைத்து வந்தான். நல்ல மனுஷர். தரையிலேயே உட்கார்ந்தார். இலையில் பருப்பு விழுந்ததும் தெலுங்கில் பேசினார். எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு.

"உங்கள் வீட்டில் தறி இருக்கிறதாமே. கூலி நெசவாளிகள் இவ்வளவு நெய்வதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. தறி ஓடுகிறதா?"

"இல்லைங்க. இன்றைக்கு அமாவாசை."

"அமாவாசைக்கு நெய்ய மாட்டீர்களா?"

"யாரும் நெய்ய மாட்டோம்."

அவர் கை இலையில் நின்றது. சாம்பார்க் கரண்டியோடு குனிந்திருந்த என் மைத்துனனின் கையும் நின்றது. சமையல்கட்டு வாசலில் என் மனைவி. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதகர் மெல்லக் கேட்டார். "அப்படியானால் இவர் கூலி நெசவாளிகளை எந்த நாளில் போய்ப் பார்த்தார்? வேலை நாளில் முதலாளி விட மாட்டாரே?"

பட்டணத்து மாடியெல்லாம் ஏறி இறங்கினேனே, அங்கே ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. சரியான ஆள், சரியான கேள்வி, என் வீட்டுக் கூடத்தில், என் இலைக்கு எதிரே. ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். தாசில்தார் முன்னால் வாய் மூடாதவன் நான். போலீஸ்காரன் முன்னால் மூடாதவன். முதலாளியின் முகத்துக்கு நேரே, உன் தறி வேண்டாம் போ என்று எழுந்து வந்தவன்.

"எல்லா நாளும் போவாருங்க. சொந்த ஊர்தானே. யார் தடுக்கப் போகிறார்கள்?" என்றேன்.

அவர் என்னையும் என் மைத்துனனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாயசம் கேட்டார். சாம்பார் வாளி நகர்ந்தது. கைகழுவப் போய் இரண்டு தடவை வாய் கொப்பளித்தேன். சொன்னது வாயைவிட்டுப் போகவில்லை.

பட்டம் கிடைத்தது. வேலை நிரந்தரம். மூன்றாவதும் பிறந்தது, பெண் குழந்தை. என் மனைவி வேண்டுதல் முடிக்க மலைக்குப் போனாள், நான் கூடப் போகவில்லை. அவன் ஆராய்ச்சிப் புத்தகம் கல்லூரியில் கறுப்பு அட்டை போட்டு நிற்கிறது. அதன் முதல் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறானாம். வாசித்துக் காட்டுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

அதோடு முடிந்திருந்தால் எச்சிலை விழுங்குவது போல விழுங்கியிருப்பேன். அம்மையார்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், சின்ன வயதில் எனக்குப் பக்கத்துத் தறியில் நெய்தவன். இன்றும் கூலித்தறிதான். விரலெல்லாம் காய்ப்பு. ஊரிலேயே வேகமான கை அவனுடையது. என் மைத்துனன் இவனுடைய முதலாளிக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி மரியாதைக்குக் கொடுத்திருக்கிறான். முதலாளி தன் மகனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"ஏழு கஜம்னு பொஸ்தகத்துல போட்டுகிதாம். டாக்டர் பட்டம் குடுத்துக்கிறாங்களாம் அதுக்கு. தெனம் காலையில அதச் சொல்லித்தான் தறியில ஏத்துறாரு. நானு அஞ்சுக்கே முதுகு ஒடிஞ்சி போவுது. உனக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமாமே," என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அந்த ஏழு கஜம் எந்தத் தறிண்ணா?"